செழிப்புன்னு சொல்லாதீங்க மாமா

போன வருஷம் தை மாசம் ஊர்ல ஒரு கல்யாணம். மைசூர்ல சாயங்காலம் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஏறினா மறுநாள் காலைல கோவில்பட்டி. பதினாலு வருஷமா பழகின வண்டி. எந்த ஸ்டேஷன்ல என்ன திங்கக் கிடைக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். (இதையே ஒரு வாக்குமூலமா எடுத்துக்கலாம் :-))

மண்டபத்துல பட்டு வேட்டி சட்டையோட நிக்கேன். சட்டைப் பொத்தான் ரெண்டு, "எங்களை விட்டுரு"ன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கு. பந்திக்குப் பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருந்த மாமா கூப்பிட்டார். வயித்துல ரெண்டு தட்டு தட்டிட்டு சுத்தி இருந்தவங்ககிட்ட பெருமையா சொன்னார்: "மாப்ளைக்கு இப்பதான்யா மைசூர்த் தண்ணி ஒத்துக்கிட்டிருக்கு. எம்புட்டு செழிப்பா இருக்காரு பாரு!"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் ஹி ஹின்னு இளிச்சேன். அப்பத்தான் குனிஞ்சு பாத்தேன். மாமாவோட வலது காலில் கட்டு. சர்க்கரைப் புண்ணுல ரெண்டு விரலை எடுத்து மூணு மாசம் ஆகியிருந்தது. அந்தக் காலை நீட்டி வச்சுக்கிட்டுத்தான் என் வயித்தைத் தட்டி 'செழிப்பு'ன்னு சொல்றார்.

எனக்கு சிரிப்பு நின்னு போச்சு.

இதை ஒரு வருஷம் கழிச்சு இப்ப ஏன் எழுதறேன்னா, போன வாரம் இங்க நம்ம ஊர்க்கார அண்ணாச்சி ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தோம். மனுஷன் வயித்துல கறுப்பா ஒரு பெல்ட்டைக் கட்டிக்கிட்டு, அது சூடாகி கடகடன்னு ஆடிக்கிட்டிருக்க, கையில ஒரு தட்டு முறுக்கோட கிரிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தார். "நாப்பது நாள்ல தொப்பை போயிரும் தம்பி, கேரண்டி"ன்னார். அதான் இந்தக் கொலவெறி.

மைசூரோ, பெங்களூரோ, துபாயோ, நியூஜெர்சியோ, வெளியூர்ல குடும்பம் நடத்துற நாம எல்லாரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு விதமா சொல்லிக்கிட்டிருக்கோம். தொப்பைன்னா அழகுப் பிரச்சினைன்னு நினைச்சா வெட்கப்படறோம், வயசானா வர்றதுன்னு நினைச்சா விட்டுடறோம். ரெண்டும் தப்பு. 2008ல ஆரம்பிச்சு 2020 வரைக்கும் நாடு முழுக்க ஒரு லட்சத்துப் பதிமூவாயிரம் பேரை ஐசிஎம்ஆர் பரிசோதிச்சுது. 2023ல முடிவு வந்தது. 100 பேர்ல கிட்டத்தட்ட 40 பேருக்கு வயித்துப் பருமன். 11 பேருக்கு மேல சர்க்கரை நோய். இந்த 40 பேர்ல எத்தனை பேர் ஊர்ல 'செழிப்பா' இருக்கறதா பேர் வாங்கினாங்களோ!

ரயிலேறி மைசூர் வந்ததும் முதல் வேலையா டேப்பை எடுத்து அளந்தேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்போட மேல்முனைக்கும் நடுவுல, மூச்சை சாதாரணமா வெளிய விட்டுட்டு அளக்கணும். (மூச்சைப் பிடிச்சு வயித்தை எக்கறதெல்லாம் கல்யாண ஃபோட்டோவுக்கு மட்டும்.) 97 செ.மீ. நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு எல்லை 90, பொம்பளைங்களுக்கு 80. என் எடை என்னவோ 70 கிலோதான், பிஎம்ஐ 24. வருஷா வருஷம் ஆபீஸ் செக்கப்ல இதைப் பாத்துட்டுத்தான் 'ஓகே'ன்னு விட்டுக்கிட்டு இருந்தேன். மூணு மாச சராசரி சர்க்கரை 6.1. அதாவது மாமா போன பாதையில முதல் மைல்கல்.

அதுக்கப்புறம் நான் கேட்ட, நானே சொன்ன சால்ஜாப்புகளை வரிசையா போட்டு உடைக்கப்போறேன். உங்களோடது எதுன்னு பாத்துக்குங்க.

சால்ஜாப்பு 1: "நம்ம உடம்பு வாகு அப்படி. பரம்பரை."

இதுல பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையைக் கண்டுபிடிச்சதுல நான் இருக்கற இந்த ஊருக்கே பெரிய பங்கு இருக்குன்னு தெரிஞ்சப்ப அசந்துட்டேன்.

மைசூர்ல 'மிஷன் ஆஸ்பத்திரி'ன்னு எல்லாரும் சொல்ற ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை இருக்கு. 1934லேர்ந்தே அங்க பிறந்த குழந்தைகளோட எடை, நீளம், தலைச் சுற்றளவை எல்லாம் பேரேட்டுல எழுதி வச்சிருந்தாங்க. வெள்ளைக்காரன் காலத்துப் பேரேடு, தூக்கிப் போடாம காப்பாத்தியிருக்காங்க. அறுபது வருஷம் கழிச்சு, 1990கள்ல, இங்கிலாந்தோட சவுத்தாம்ப்டன்லேர்ந்து வந்த டாக்டர் கரோலின் ஃபால் குழுவும் ஆஸ்பத்திரி டாக்டர்களும் அந்தப் பேரேட்டை வச்சு, அங்க பிறந்து ஊர்லயே வாழ்ந்துக்கிட்டிருந்தவங்களைத் தேடிப் பிடிச்சாங்க. சின்னதா, எடை குறைவா பிறந்தவங்களுக்கு நடு வயசுல இதய நோய் அதிகம்னு 1996ல எழுதினாங்க.

அதோட விடலை. 1997-98ல அதே ஆஸ்பத்திரிக்கு வந்த எண்ணூறுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த குழந்தைகளை வருஷக்கணக்கா தொடர்ந்து அளந்தாங்க. டாக்டர் கிருஷ்ணவேணி குழு 2005ல வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? மைசூர்க் குழந்தைங்க இங்கிலாந்துக் குழந்தைங்களைவிட எடையில, உயரத்துல, தசையில எல்லாத்துலயும் சிறிசு. ஒண்ணே ஒண்ணு மட்டும் அவ்வளவா குறையலை. முதுகுல, தோள்பட்டைக்குக் கீழ, தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு! நாலு வயசுல பாத்தா அது இங்கிலாந்து அளவையே தாண்டியிருக்கு.

அதாவது நாம பிறக்கும்போதே தசை கம்மி, நடு உடம்புல கொழுப்பு ஜாஸ்தி. 2004ல லான்செட் பத்திரிகையில ஒரு ஃபோட்டோ வந்தது. ரெண்டு டாக்டருங்க பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. ஒருத்தர் புனேவைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. ஆனா உடம்புல கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, புனேக்காரருக்கு 21.2. அதான் சொல்றேன், எடை மெஷின்ல நின்னு திருப்திப்படாதீங்க. டேப்பை எடுங்க.

இப்ப சொல்லுங்க, இது சாக்கா எச்சரிக்கையா? கையில காசு கம்மியா இருக்கறவன்தான் செலவைப் பாத்துப் பண்ணணும். "நமக்குப் பரம்பரையா காசு கம்மி, அதனால இஷ்டத்துக்கு செலவழிக்கேன்"னு எவனாவது சொல்லுவானா? தொப்பை விஷயத்துல மட்டும் சொல்றோம்.

சால்ஜாப்பு 2: "பெல்ட் வாங்கியாச்சு, பொடி வாங்கியாச்சு, ஜிம்முல பணம் கட்டியாச்சு."

நானும் கட்டினேன். ஒரு ஜிம்முல ஒரு வருஷத்துக்கு மொத்தமா பணம் வாங்கிட்டு, தினமும் 100 தடவை படுத்து எழுந்திரிக்கச் சொன்னாங்க. வயித்துக்கு வேலை கொடுத்தா வயித்துக் கொழுப்பு கரையுமாம். கழுத்து வலிதான் வந்துச்சு.

கொழுப்பு அப்படிக் கரையறதில்லை சாமி. உடம்பு மொத்தத்துக்கும் ஒரே கஜானா. எந்தத் தசை வேலை செஞ்சாலும் பணம் பொதுக் கஜானாவுலேர்ந்துதான் போகும். 1971லயே டென்னிஸ் ஆட்டக்காரங்க கையை அளந்து பாத்தாங்க. மட்டை பிடிக்கிற கையில தசை பெரிசு. ஆனா தோலுக்கடியில கொழுப்பு ரெண்டு கையிலும் ஒண்ணுதான். 2011ல இன்னொரு ஆய்வு. 24 பேர்ல ஒரு பாதிக்கு ஆறு வாரம் வயித்துப் பயிற்சி மட்டும் கொடுத்தாங்க. வயித்துல பலம் கூடிச்சு. கொழுப்பு அப்படியே இருந்தது.

பெல்ட்டா? சூடு பெல்ட் வேர்வையை எடுக்கும். ஒரு சொம்பு தண்ணி குடிச்சா திரும்பி வந்துரும். கரண்ட் பெல்ட் வித்தவங்க மேல அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன் 2002லயே கேஸ் போட்டுச்சு, பொய் விளம்பரம்னு. அங்க கேஸ் ஆன சரக்கு இருபது வருஷம் கழிச்சு நம்ம அண்ணாச்சி இடுப்புல ஆடுது.

அப்புறம் யோகா. மைசூர்ல இருந்துக்கிட்டு யோகாவைப் பத்தி ஒண்ணும் சொல்லாம இருக்க முடியுமா? 1933லேர்ந்து ஜகன்மோகன் அரண்மனையில கிருஷ்ணமாச்சார்யா சொல்லிக்கொடுத்த ஊர் இது. அவரோட சிஷ்யர் பட்டாபி ஜோயிஸால கோகுலம் தெருவெல்லாம் இன்னைக்கும் பாயைச் சுருட்டிக்கிட்டு வெளிநாட்டுக்காரங்க நடக்கறாங்க. விடிகாலைல எழுந்திரிச்சு ரெண்டு மணி நேரம் வேர்த்து விறுவிறுக்கச் செய்யறாங்க. நம்ம ஆளு ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் கண்ணை மூடி மூச்சு விட்டுட்டு, "யோகா பண்றேன், தொப்பை குறையலையே"ங்கறான். அடுத்து நேரா வெண்ணெய் மிதக்கற மைலாரி தோசை. யோகா மேல எனக்கு எந்தப் புகாரும் இல்லை. செய்யாத யோகா மேலதான்.

சால்ஜாப்பு 3: "நாங்க பீட்சா பர்கர் எல்லாம் திங்கறதில்லை. பாரம்பரியச் சாப்பாடுதான்."

இதான் எனக்கு ரொம்பக் கோபம் வர்ற இடம். ஏன்னா இதை அதிகமா சொன்னது நான்தான்.

எங்க தாத்தா கரிசல்காட்டு சம்சாரி. வானம் பாத்த பூமி. கம்பு, சோளம், பருத்தி. நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்தாளிக்கும்தான். விடியுமுன்ன காட்டுக்குப் போனா பொழுது சாய வீடு திரும்புவார். கம்பங்கூழ், வெஞ்சனத்துக்கு வெங்காயம், மிளகாய். அவருக்கு வயிறு முதுகோட ஒட்டியிருக்கும். (அதுக்காக அந்தக் காலம் சொர்க்கம்னு சொல்லவரலை. சுதந்திரம் வாங்கறப்ப நம்ம நாட்டுல சராசரி ஆயுளே 32 வயசுதான். பசியையும் பஞ்சத்தையும் 'ஆரோக்கியம்'னு பேர் மாத்தாதீங்க.)

அவர் பேரன் நான் என்ன செய்யறேன்? அவர் வருஷத்துக்கு நாலு நாள் தின்ன சாப்பாட்டை தினம் மூணு வேளை திங்கறேன். அவர் தினம் செஞ்ச வேலையை வருஷத்துல நாலு நாள்கூட செய்யறதில்லை. தாத்தாவோட தட்டை எடுத்துக்கிட்டேன், தாத்தாவோட காலை ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன். இதுக்குப் பேர் பாரம்பரியமாம்!

ஒரு நாள் கணக்கை எழுதிப் பாத்தேன். காலைல அஞ்சு இட்லி. பதினோரு மணிக்கு டீ, பிஸ்கட். மத்தியானம் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, தயிருக்கு ஒரு தடவைன்னு சோறு. தொட்டுக்க உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் பொட்டி தட்டற எடத்துக்கு வெளிய சுருமுரி, ஒரு காப்பி. ராத்திரி நாலு தோசை. கூட்டிப் பாத்தா அரிசியைத் தொட்டுக்கிட்டு அரிசியைத் தின்னிருக்கேன். பருப்புங்கறது சாம்பார்ல தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பொருள்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2025ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியர்களோட கலோரியில 62 விழுக்காடு மாவுச்சத்துலேர்ந்து வருதுன்னு சொல்லுது. அதே ஆய்வுல இன்னொரு குட்டு. வெள்ளை அரிசியை விட்டுட்டு கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினா மட்டும் சர்க்கரை வர்ற அபாயம் குறையலை. மாவுச்சத்தோட மொத்த அளவைக் கொஞ்சம் குறைச்சு, அந்த இடத்துல பருப்பு, பால், தயிர், முட்டை, மீன்னு புரதத்தை வச்சாத்தான் குறையுது. "நாங்க இப்ப தினையரிசிப் பொங்கல்தான்"னு நெய் மிதக்க ரெண்டு கரண்டி கூடப் போட்டுக்கறவங்க கவனிக்கவும். ராத்திரி சோத்துக்குப் பதிலா நாலு சப்பாத்தி திங்கற 'டயட்' ஆசாமிகளும் கவனிக்கவும்.

வெளியூர்க்காரங்களான நமக்குன்னு தனியா ஒரு வியாதி இருக்கு. ஊர்ல இருக்கறவன் ஒரு ஊர்ச் சாப்பாடு சாப்பிடறான். நாம ரெண்டு ஊர்ச் சாப்பாடு சாப்பிடறோம். பொங்கலுக்குச் சக்கரைப் பொங்கல், யுகாதிக்குப் பக்கத்து வீட்டு ஹோளிகே. ரயில்ல வர்ற கோவில்பட்டி கடலை மிட்டாயும் வேணும், தேவராஜ மார்க்கெட் மைசூர்பாகும் வேணும். அமெரிக்காவுல இருக்கற மச்சான் வீட்டுல வெள்ளிக்கிழமை பீட்சா, சனிக்கிழமை அதுக்குப் பரிகாரமா மெதுவடை. ஊர் ஞாபகம் வந்தா ஃபோன் பண்றதுக்குப் பதிலா எண்ணெய்ச்சட்டியை வைக்கறோம். ஊருக்குப் போனா அம்மா "ஏன்யா இப்படி எளைச்சுப் போயிட்ட?"ன்னு (97 செ.மீ.யைப் பாத்து!) இன்னும் ரெண்டு தோசை போடறாங்க. வேண்டாம்னா அன்பையே வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடுது. பாசத்தைக் காட்டறதுக்கு நமக்கு வேற வழியே தெரியாமப் போச்சு. இதுல அம்மாக்களைக் குறை சொல்லலை. பசியைப் பாத்தவங்க அவங்க. அவங்களுக்குத் தொப்பைங்கறது பிள்ளை பட்டினி கிடக்கலைங்கறதுக்கு சாட்சி. காலம் மாறினது தெரிஞ்ச நாமதான் பக்குவமா சொல்லியிருக்கணும்.

சால்ஜாப்பு 4: "நேரம் இல்லை."

ஆம்பளைங்க சொல்ற இந்த சால்ஜாப்பு சுத்தப் பொய். பொம்பளைங்க சொன்னா பெரும்பாலும் நிஜம்.

நான் டேப்பால அளந்த மறுநாளே வீரமா குக்கரஹள்ளி கெரே பக்கம் நடக்கக் கிளம்பிட்டேன். ஏரிக்கரை, மரம், பறவை, சூப்பர். ஒரு மாசம் ஆச்சு. ஒரு நாள் வேர்வையோட வந்து, "இன்னைக்கு நாலு கிலோமீட்டர்!"ன்னு தங்கமணிகிட்ட பீத்திக்கிட்டேன். அடுப்புலேர்ந்து திரும்பாமலே சொன்னா: "நீங்க நடந்து குறைக்கற வயித்துக்கு நான் நின்னு சமைக்கேன். என் வயித்துக்கு யாரு சமைப்பா?"

அன்னைக்குத்தான் அவ இடுப்பை அளந்தோம். 88. எல்லை 80. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி இந்தியப் பொம்பளைங்கள்ல 100க்கு 40 பேர் அந்த 80ஐத் தாண்டினவங்க. காலைல அஞ்சரை மணிக்கு ஏரிக்கரையில பாருங்க. ஆம்பளைங்க கூட்டம் கூட்டமா அரசியல் பேசிக்கிட்டு நடப்பாங்க. அந்நேரம் அவங்க வீட்டு அடுப்படியில விளக்கு எரிஞ்சுக்கிட்டிருக்கும்.

எங்களுக்கு இது வெறும் நியாயப் பேச்சு இல்லை. பொண்ணு வயித்துல இருந்தப்ப அவளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. பிரசவத்தோட சரியாப்போச்சுன்னு மறந்துட்டோம். மேல சொன்ன அதே மைசூர் ஆய்வு இதையும் பாத்திருக்கு. கர்ப்பத்துல சர்க்கரை இருந்த அம்மாக்களோட குழந்தைங்களுக்கு, குறிப்பா பொண்ணுங்களுக்கு, அஞ்சு வயசுலயே உடம்புல கொழுப்பும் ரத்தத்துல இன்சுலினும் ஜாஸ்தி. பத்து வயசை நெருங்கறப்ப அது இன்னும் தெளிவா தெரிஞ்சுது. எங்க பொண்ணுக்குப் பதினொண்ணு நடக்குது. இதைப் படிச்சுட்டு அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை. என் மாமா, அப்புறம் நான், அவ அம்மா, அடுத்து அவளான்னு.

அதனால பயமுறுத்தறதோட நிறுத்தாம, என்ன செஞ்சோம்னு சொல்றேன். மேஜிக் ஒண்ணும் இல்லை.

தட்டுல பாதி காய். பொரியல் கூட்டு எது வேணா, ஆனா உருளைக்கிழங்கு காய்க் கணக்குல வராது. கால் தட்டு சோறோ சப்பாத்தியோ. கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஏதாவது. ராத்திரி தோசை நாலுலேர்ந்து ரெண்டு, கூட ஒரு கிண்ணம் சுண்டல். டீ, காப்பியில சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தினோம். வீட்டுக்கு மாசம் எவ்வளவு எண்ணெய் வாங்கறோம்னு எழுதி வச்சோம். பாத்தா பகீர்னு இருந்தது. ஒரு பெரிய கரண்டி எண்ணெய் 120 கலோரி. நாலு கிலோமீட்டர் நடந்தா என் எடைக்கு ஏறக்குறைய 200 கலோரிதான் செலவாகும். ஒரு கெட்டித் துண்டு மைசூர்பாகு அதை அப்படியே முழுங்கிரும். நடந்துட்டோம்ங்கற தைரியத்துல திங்கறவங்களுக்காக இந்தக் கணக்கு.

அப்ப நடக்கறது வேஸ்டா? இல்லவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் வேக நடை, கூட ரெண்டு நாளாவது தசைக்கு வேலை. நமக்குத்தான் பிறவியிலயே தசை கம்மியாச்சே, அந்த ரெண்டாவது பாதியை விடவே கூடாது. நாங்க வீட்டுலயே தோப்புக்கரணம், சுவத்தைப் பிடிச்சுத் தண்டால். (தோப்புக்கரணம் போட வச்ச சாமிக்கே தொப்பைதானேன்னு பொண்ணு கேட்டா. அவர் உலகத்தைச் சுத்தாம ஷார்ட்கட் எடுத்தவர்மான்னு சமாளிச்சேன் :-)) மாசம் ஒரு ஞாயிறு சாமுண்டி மலைப் படி. ஆயிரம் படி, முதல் தடவை நந்தி வர்றதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு.

எடை குறையலையேன்னு முதல் ரெண்டு மாசத்துல விட்டுடாதீங்க. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரை எல்லையில இருந்த 531 பேரை மூணு வருஷம் தொடர்ந்து 2006ல முடிவு சொன்னாங்க. ஒண்ணும் செய்யாத கூட்டத்துல 100க்கு 55 பேருக்கு சர்க்கரை வந்துருச்சு. சாப்பாடும் நடையும் மாத்தினவங்கள்ல 39 பேருக்குத்தான். இத்தனைக்கும் அவங்க எடை பெரிசா குறையவே இல்லை! குடலைச் சுத்தி, ஈரல் பக்கத்துல உக்காந்திருக்கற கொழுப்புதான் விஷமம் பண்றது. நடந்தா, தசைக்கு வேலை கொடுத்தா, மெஷின்ல முள் நகராதப்பவே அது குறைய ஆரம்பிக்கும்.

எல்லாத்தையும்விடப் பெரிய மாத்தம், காலை அடுப்படி என் பொறுப்பு. வாரத்துல நாலு நாள் அவ நடக்கப் போறா, நான் காய் நறுக்கி டிபன் பண்றேன். மத்த நாள் அவ சமையல், நான் நடை. என் சட்னி சுமார்தான். யாரும் சாகலை. நேரம் இல்லைன்னு சொல்ற அண்ணாச்சிங்களுக்கு ஒரே கேள்வி. உங்க வீட்டுல யாரோட நேரத்தை எடுத்து நீங்க நடக்கறீங்க?

ஒரு வருஷம் ஆச்சு. நான் 91. இன்னும் எல்லைக்கு வெளியதான். சர்க்கரை 5.8. தங்கமணி 83. நடுவுல தீபாவளிக்கு ரெண்டு செ.மீ. ஏறி, திரும்ப இறங்கிச்சு. ஃபோட்டோவுல பாத்தா முன்னபின்ன வித்தியாசம்கூட அவ்வளவா தெரியாது. எந்த பெல்ட் கம்பெனியும் என்னை விளம்பரத்துக்குக் கூப்பிடாது.

போன மாசம் மாமா ஃபோன்ல பேசினார். கல்யாண வீடியோவைத் திரும்பப் பாத்தாராம். "மாப்ளே, அப்ப நல்லா இருந்தீகளே, இப்ப ஃபோட்டோவுல வத்திப்போயி தெரியுதீகளே, வேலையில எதுவும் பிரச்சினையா?"ன்னார். இந்தத் தடவை நான் இளிக்கலை. "மாமா, அது செழிப்பு இல்லை மாமா. உங்களுக்கு ஆரம்பிச்ச மாதிரியே எனக்கும் ஆரம்பிச்சுது. நான் கொஞ்சம் முன்னாடி பாத்துட்டேன், அவ்வளவுதான்"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா, "எனக்கு அப்ப யாரும் சொல்லலையேப்பா"ன்னார்.

நீங்களாவது சொல்லுங்க. அடுத்த கல்யாணத்துல யாராவது ஒருத்தர் வயித்தைத் தட்டி 'செழிப்பு'ன்னு சொன்னா, சிரிச்சு மழுப்பாம சொல்லுங்க.

டிஸ்கி: சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடறவங்க, சாப்பாட்டை மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. சாப்பாடு குறைஞ்சு மாத்திரை அப்படியே இருந்தா மயக்கம் வரும். அப்புறம், கடலை மிட்டாயை நான் விடலை. ஒரு நாளைக்கு ஒரு துண்டு. முழு பாக்கெட்டோட சோபாவுல உக்கார்றதைத்தான் விட்டேன்.